மாநாட்டுக்குப் போயிட்டு வந்த பிள்ளைங்க ஹால் சாவி கேக்குறாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மலேசியா, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். எங்க சபை வாலிபர் ஐக்கியப் பிள்ளைங்க கொஞ்ச நாளைக்கு முன்னாடி போர்ட்டிக்சன்ல நடந்த ஒரு கிறிஸ்தவ வாலிபர் மாநாட்டுக்குப் போயிட்டு வந்தாங்க. பொம்பளப் பிள்ளைங்களும் போறதால கூட பெரியவங்க வரணும்னு பாஸ்டர் சொல்லிட்டாரு, அதனால மாதர் சங்கத்துலேர்ந்து நானும் இன்னொரு அக்காவும் போனோம். வந்ததும் சபை ஹால்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் டியூஷன் நடத்தணும்னு சாவி கேட்டாங்க, அதுலேர்ந்து ஊர்ல ஒரே பேச்சு. சபைக்குள்ள ஒரு விதமா பேசுறாங்க, வெளிய வேற விதமா பேசுறாங்க, ரெண்டு பக்கமும் அந்தப் பிள்ளைங்கள நேரா கூப்ட்டு என்னப்பா விஷயம்னு கேட்ட ஆளு ஒருத்தர் இல்ல. வாட்சாப்புல பதில் போட்டா அது எங்க போய் எப்படி முடியும்னு தெரியல, உங்க பேப்பர்னா ஒட்டுக்கடை மேசையில கெடக்கும், ஒண்ண பத்து பேர் படிப்பாங்க, அதான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமா போயிடுச்சு, வெட்டுறதா இருந்தா கடைசிப் பகுதிய மட்டும் வெட்டிடாதீங்க ஐயா.

மாநாடுன்னதும் அரசியல் மாநாடுன்னு நெனச்சிட வேணாம். இந்து சங்கம் நடத்துற திருமுறை ஓதும் விழாவுக்கு நம்ம ஊர்ப் பிள்ளைங்க வட்டாரம், மாநிலம், தேசியம்னு போறாங்கள்ல, அந்த மாதிரி பல ஊரு சபைப் பிள்ளைங்க ஒரு எடத்துல கூடித் தங்கி, பாட்டு, வேதபாடம், குழு குழுவா பேச்சு, வெளையாட்டு, இவ்வளவுதான். வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆரம்பிச்சு ஞாயித்துக்கெழம மத்தியானச் சாப்பாட்டோட முடிஞ்சிடும்.

போறதுக்குள்ள பட்ட பாடுதான் பெரிசு. எங்க வாலிபருங்கள்ல பாதிப் பேர் இப்ப படிக்கல, வேல செய்றாங்க. ஈப்போ, செம்மோர் பக்கம் ஃபேக்டரி, கையுறை கம்பெனி, பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்டு, ரெண்டு பேர் மோட்டார்ல சாப்பாடு டெலிவரி, ஒரு பொண்ணு பேரங்காடி கேஷியர். சேந்து ரெண்டு வருஷம் ஆகலன்னா சட்டப்படி வருஷத்துக்கு 8 நாள்தான் லீவு, அதுல அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, வீட்ல ஒரு சாவு வாழ்வுன்னு போனா மிச்சம் என்ன இருக்கும். பெரிய வெள்ளிக்கே இங்க லீவு கெடையாது, அது சபா சரவாக்ல மட்டும்தான் பொது விடுமுறை, தீபகற்பத்துல பிள்ளைங்க ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி சட்டையோட ஆராதனைக்கு வந்து பின் பெஞ்சுல தூங்கி வழியறத வருஷா வருஷம் பாக்குறேன். மாநாடு நடத்துறவங்களோ பள்ளிக்கூட லீவு பாத்துத்தான் தேதி போடுறாங்க. காலேஜ் பிள்ளைங்களுக்கும் ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் அது சரி, ஷிஃப்ட் வேல பாக்குறவனுக்கு பள்ளிக்கூட லீவால என்ன பிரயோஜனம் சொல்லுங்க. அதனாலயே வர முடியாமப் போன பிள்ளைங்க உண்டு, அதுல நல்லா கிட்டார் வாசிக்கிற பையன் ஒருத்தன், கடைசி நேரத்துல சூப்பர்வைசர் லீவு தரல.

அடுத்தது காசு. 2025 பிப்ரவரியிலேர்ந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளின்னு சட்டம், சரி, அத வாங்கி வீட்டு வாடகை, மோட்டார் கடன், தம்பி தங்கச்சி செலவுன்னு குடுத்துட்டு மாநாட்டுக் கட்டணமும் கட்டுன்னா எங்க போவாங்க. இ.டி.எஸ். ரயில் எங்க ஊர் ஸ்டேஷன்லயே நிக்குது, அதுல போகணும்னு ஆசப்பட்டாங்க, டிக்கெட் வெலய பாத்ததும் வாடகை பஸ்ஸே போதும்னு ஆயிடுச்சு. ஆராதனை முடிஞ்சதும் நாசி லெமாக் பொட்டலம் வித்தாங்க, பிரியாணி கூப்பன் வித்தாங்க, சனிக்கெழம காரு கழுவினாங்க. வாங்கினவங்கள்ல பாதிப் பேர் சபைக்காரங்களே இல்ல. எதிர்ல மோட்டார் வொர்க்‌ஷாப் வச்சிருக்குற அண்ணன், வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்குறவரு, பத்து பொட்டலம் வாங்கி தன் பையன்களுக்கும் குடுத்து காசுக்கு மிச்சம் கூட கேக்கல. இத ஏன் சொல்றேன்னா பின்னாடி ஒரு விஷயத்துக்கு வேணும்.

மொத நாள் ராத்திரிய பத்தி மனசுல பட்டத சொல்லிடுறேன். பெரிய ஹால், ஏர்கோன், கலர் கலரா லைட்டு, டிரம்ஸ் சத்தத்துல எனக்கு நெஞ்சு அதிருது. பாட்டெல்லாம் முக்காவாசி இங்கிலீஷ், நடுவுல ரெண்டு தமிழ்ப் பாட்டு வந்துச்சு, அதுக்குத்தான் எங்க பிள்ளைங்க எந்திரிச்சு கை தட்டுனாங்க. பேசினவரு நல்லாத்தான் பேசினாரு, ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு லைட்ட மங்கலாக்கி கீபோர்ட மெதுவா வாசிச்சுக்கிட்டு முன்னுக்கு வாங்க முன்னுக்கு வாங்கன்னு திரும்பத் திரும்பக் கூப்ட்டா, வேலயிலேர்ந்து நேரா பஸ் ஏறி வந்த பிள்ளை களைப்புலயே அழுதுடும். அழுகைய நான் கொற சொல்லல, எங்க அம்மா காலத்துல எழுப்புதல் கூட்டம்னா அழாம வீடு திரும்பினவங்க கொறவு. அழுது முடிச்ச பிள்ளைகிட்ட மறுநாள் காலைல யாராவது ஒக்காந்து பேசணும்ல, அதத்தான் தேடிப் பாத்தேன், அத எங்க குழுவுல இருந்த ஒரே ஒரு அண்ணன் மட்டும்தான் செஞ்சாரு. மத்தவங்க எல்லாம் அடுத்த புரோகிராமுக்கு மைக் செட் பண்ணப் போயிட்டாங்க.

குழுவுல கலந்து ஒக்கார வைக்கிறாங்க, அது நல்ல பழக்கம்தான். கிள்ளான், பிஜே, பிரிக்ஃபீல்ட்ஸ் பிள்ளைங்களோட எங்க பிள்ளைங்க. மொதல்ல வாயே தொறக்கல. அறிமுகம்னு என்ன படிக்கிறீங்கன்னு சுத்தி சுத்திக் கேக்குறாங்க, ஒருத்தர் சட்டம்ங்குறாங்க, ஒருத்தர் பார்மசிங்குறாங்க, எங்க பையன் முறை வந்ததும் நான் வேல செய்றேன்னு சொல்லிட்டுத் தலைய குனிஞ்சிக்கிட்டான். அப்புறம் ஒரு பொண்ணு, கெட்ட எண்ணத்துல இல்ல, உண்மையாவே தெரியாம, இன்னும் எஸ்டேட்லாம் இருக்கான்னு கேட்டுச்சு. இருக்கும்மா, கித்தா மரம், அதான் ரப்பர் மரம் போய் செம்பனை வந்துடுச்சு, லயத்துல இப்ப வெளிநாட்டுத் தொழிலாளிங்க இருக்காங்க, நாங்க வெளிய தாமான் குடியிருப்புல இருக்கோம், பேர்தான் தோட்டத்து ஆளுங்கன்னு சொன்னேன். பாட்டி ஊர் எதுன்னு கேட்டா அந்தப் பொண்ணோட பாட்டியே எங்க ஊர்ப் பக்கம் எல்பில் தோட்டத்துல பால் வெட்டினவங்களாம்! நான் விடுவேனா, மந்திரியா இருந்த துன் சம்பந்தன் எங்க ஊர்க்காரரு, 1960-ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, வெள்ளக்காரன் தோட்டத்த துண்டு போட்டு விக்கிறப்ப தொழிலாளிங்க சம்பளத்துலேர்ந்து பங்கு போட்டு தோட்டம் வாங்கின கத, எங்க ஊர்த் தமிழ்ப்பள்ளி மகாத்மா காந்தி கலாசாலைய 1954-ல நேருவோட தங்கச்சி விஜயலட்சுமி பண்டிட் வந்து தொறந்து வச்ச கதன்னு எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். சாப்பாட்டு பெல் அடிச்சதுனால தப்பிச்சாங்க பிள்ளைங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். சனிக்கெழம மத்தியானம் பட்டறைன்னு தனித்தனி ரூம்ல வகுப்பு. பெரிய ஹால்ல காதல், கல்யாணம், சோசியல் மீடியா. பின்னாடி ஒரு சின்ன ரூம்ல வேலையும் விசுவாசமும்னு ஒண்ணு, அதுக்கு எங்க பிள்ளைங்க போனாங்க, ஏன்னா அது தமிழ்லன்னு போர்டுல எழுதியிருந்துச்சு, வேற காரணம் ஒண்ணும் கெடையாது. நடத்துனது ஒரு வக்கீல் அக்கா, அவங்களும் தோட்டத்துல பொறந்து வளந்தவங்கதான். வேதத்த தொறந்து யாக்கோபு நிருபம் அஞ்சாம் அதிகாரத்த படிக்கச் சொன்னாங்க. வயல் அறுத்தவனோட கூலிய பணக்காரன் புடிச்சு வச்சிக்கிட்டா அந்தக் கூலியே கத்தும், அந்தச் சத்தம் ஆண்டவர் காதுக்குப் போகும்னு அதுல இருக்கு. இத்தன வருஷ பிரசங்கத்துல இத யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்ல. படிச்சு முடிச்சதும் அந்தக்கா வேதத்த மூடிட்டு, சரி யார்கிட்டயெல்லாம் சம்பள சிலிப் இருக்கு போன்ல, எடுங்கன்னாங்க.

அதுக்கப்புறம் அந்த ரூம்ல ஒருத்தரும் தூங்கல ஐயா. 2023 ஜனவரியிலேர்ந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேல நேரம், அதுக்கு மேல போனா ஒன்றரை மடங்கு, ஓய்வு நாள்ல ரெண்டு மடங்கு, பொது விடுமுறைல மூணு மடங்குன்னு போர்டுல எழுதி, அவங்கவங்க சிலிப்ப வச்சே கணக்குப் போட வச்சாங்க. எங்க பொண்ணு ஒருத்திக்கு ஓவர்டைம் எல்லாமே சாதாரண ரேட்லயே போட்டிருந்துச்சு, அவளுக்கு அது வரைக்கும் தெரியாது. அப்புறம் ஓய்வு காலத்துக்குச் சேக்குற இ.பி.எப். சேமநிதி. நம்ம சம்பளத்துல 11 விழுக்காடு புடிக்கிறாங்க, 5,000 வெள்ளி வரைக்கும் சம்பளம்னா முதலாளி 13 விழுக்காடு போடணும், போடுறாங்களான்னு ஐ-அக்காவுன் ஆப்ல நீங்களே பாக்கலாம்னாங்க. அங்கயே பாத்தான் எங்க பையன் ஒருத்தன். சிலிப்புல மாசாமாசம் புடிச்சிருக்கு, ஆப்ல பல மாசம் ஒண்ணுமே ஏறல. முகம் செவந்து போச்சு. கம்பெனி பேர் வேணாம், அது இப்ப புகார்ல இருக்கு. டெலிவரி ஓட்டுற பையனுக்கு, முதலாளின்னு ஒருத்தர் இல்லன்னாலும் சுயதொழில் செய்றவங்களுக்குன்னு 2017-ல வந்த சட்டத்துல சொக்சோங்குற காப்புறுதி இருக்கு, விபத்துன்னா அது கை குடுக்கும்னு தெரிஞ்சதே அங்கதான். மழையில விழுந்து முழங்கால் பேந்து தன் காசுல வைத்தியம் பாத்தவன் அவன்.

முன் வரிசையில ஒக்காந்திருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர் எந்திரிச்சு படிப்பு விஷயமும் சேத்துச் சொன்னாரு. 2013-லேர்ந்து பாரம் அஞ்சுல எழுதுற எஸ்.பி.எம். பரீட்சைல மலாயோட செஜாராவும், அதான் வரலாறும் பாஸாகணும், இல்லன்னா சர்டிபிகேட்டே கெடையாது, அதுல தவறினவங்க மறுபடி எழுதலாம்னாரு. எங்க கேஷியர் பொண்ணு செஜாராவுல போனவதான். எழுதலாம்னே தெரியாம வேலைக்குப் போயிட்டா. பக்கத்துல ஈப்போவுலயே உங்கு ஓமார் போலிடெக்னிக் இருக்கு, 1969-ல ஆரம்பிச்சது, நாட்டுக்கே மொத போலிடெக்னிக், அதத் தாண்டித்தான் எங்க பிள்ளைங்க ஃபேக்டரி பஸ்ல போறாங்க வராங்க, உள்ள போறதுக்கு என்ன தகுதின்னு கேக்க ஆள் இல்ல. ரூம்ல நாற்காலி பத்தாம சொவத்துல சாஞ்சி நின்னாங்க, நேரம் முடிஞ்சதுன்னு பெல் அடிச்சும் யாரும் வெளிய வரல. அந்த மாநாட்டுலயே சிறந்த வகுப்பு அதுதான்னு நான் சொல்லுவேன், அத கொண்டு போய் சாப்பாட்டுக்கு அப்புறம் சமையல்கட்டுக்குப் பக்கத்து ரூம்ல போட்டிருக்காங்க. அடுத்த வாட்டி தேதி போடுறவங்களும் ரூம் பிரிக்கிறவங்களும் இதப் படிச்சாங்கன்னா, அத பெரிய ஹால்ல வைங்க, தமிழ்ல வைங்க. வேல செய்ற பிள்ளைங்களுக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடியே தேதிய சொல்லுங்க, லீவு எழுதிப் போடணும்.

திரும்பி வர்றப்ப நெடுஞ்சாலையில தாப்பா ஆர் அண்ட் ஆர் ஓய்வு எடத்துல எறங்கி மீ கோரெங் சாப்ட்டுக்கிட்டே பிள்ளைங்களே பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. சனிக்கெழம ராத்திரி சபை ஹால் சும்மாத்தான் பூட்டிக் கெடக்குது. அங்க பாரம் நாலு, பாரம் அஞ்சு படிக்கிற பிள்ளைங்களுக்கு மலாய், செஜாரா, கணக்கு சொல்லிக் குடுக்குறது, எஸ்.பி.எம். முடிச்சவங்களுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்துல சேர்றதுக்கான யு.பி.யு. விண்ணப்பம் நெரப்ப உதவி பண்றது, வேல செய்றவங்க சம்பள சிலிப்ப கொண்டு வந்தா ஒக்காந்து பாத்துக் குடுக்குறது. யாரு வேணாலும் வரலாம், சபைப் பிள்ளைங்க, கோயில் பிள்ளைங்கன்னு பிரிக்கிறதில்ல. போறப்ப பின் சீட்ல தூங்கிட்டுப் போன அதே பசங்க வர்றப்ப தூங்காம பேசுறத நான் பாத்தேன்.

ஊருக்கு வந்ததும்தான் பஞ்சாயத்து. சபை கமிட்டில சில பெரியவங்க சொல்றாங்க, ஹால் ஆண்டவருக்குன்னு கட்டினது, கரண்ட் பில் யாரு கட்டுறது, மத்தவங்க பிள்ளைங்க வந்து போனா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு. ஒருத்தர் நேராவே கேட்டாரு, மாநாட்டுக்குப் போய் அபிஷேகம் வாங்கிட்டு வருவாங்கன்னு பாத்தா இ.பி.எப். கணக்கு வாங்கிட்டு வந்திருக்காங்களேன்னு. அவர்கிட்ட பணிவா ஒண்ணு கேக்குறேன், அண்ணே, நீங்க தோட்டத்துல இருந்தப்ப கிராணி, அந்தத் தோட்டத்துக் குமாஸ்தா, செக்ரோல் வருகைப் பதிவுல பேர் போடாம விட்ட அன்னிக்கு எப்படித் துடிச்சீங்க, அத உங்க வாயாலயே வாலிபர் கூட்டத்துல சாட்சியா சொன்னீங்களே.

கோயில் பக்கம் பேச்சு வேற. மதம் மாத்தத்தான் டியூஷன் டியூஷன்னு கூப்புடுறாங்க, பிள்ளைங்கள அனுப்பாதீங்கன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் தாமான் முழுக்க சுத்துது. இதுக்கு நான் கோவப்பட மாட்டேன். அப்படிச் செய்ற ஆளுங்க உண்டு, வீட்டு வாசல்ல வந்து உங்க சாமி பிசாசுன்னு பேசிட்டுப் போறவங்களும் உண்டு, அதனால நொந்த குடும்பத்த எனக்கே தெரியும், அந்தப் பயத்த வெறும் பொறாமன்னு தள்ளிட முடியாது. ஆனா எங்க பிள்ளைங்க போட்டிருக்குற நிபந்தனையையும் கேளுங்க. வகுப்புல ஜெபம் கெடையாது, பாட்டு கெடையாது, வேதாகமம் மேசையில இருக்காது, நோட்டீஸ் குடுக்குறது இல்ல. பெத்தவங்க யாரு வேணாலும் பின்னாடி ஒக்காந்து பாக்கலாம், கோயில் கமிட்டி ஆளுங்களும் வந்து ஒக்காரலாம். ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வான்னு எவனாவது ஒரு பிள்ளைய கூப்ட்டான்னு தெரிஞ்சா அன்னிக்கே அவன் அந்த வகுப்ப விட்டு வெளிய போகணும். இத அவங்களே எழுதி கையெழுத்துப் போட்டு கமிட்டில குடுத்திருக்காங்க, நான் பாத்தேன்.

2010 மக்கள் கணக்கெடுப்புல மலேசிய இந்தியர்கள்ல 86 விழுக்காட்டுக்கு மேல இந்துக்கள், கிறிஸ்தவங்க சுமாரா 6 விழுக்காடுதான். எங்க வாலிபருங்களோட கூட்டாளிங்க எல்லாம் யாரு அப்ப, உங்க வீட்டுப் பிள்ளைங்கதான். ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே ஃபேக்டரி பஸ், ஒரே மோட்டார் வொர்க்‌ஷாப். தோட்டத்துல ஆயாக் கொட்டாயில நம்ம எல்லாரையும் ஒண்ணாத்தான் தொட்டில் கட்டிப் போட்டாங்க, எந்த ஆயா சாமி பேர் கேட்டு பால் குடுத்தா? நாசி லெமாக் வாங்கின அந்த வொர்க்‌ஷாப் அண்ணன்கிட்ட இந்த வாய்ஸ் மெசேஜ் போச்சாம், அவரு அத கேட்டுட்டு, என் காசுலதான் போயிட்டு வந்தானுங்க, அப்ப என் பையனுக்கும் சொல்லிக் குடுக்கட்டும்னு மொத ஆளா பேர் குடுத்துட்டாரு. எங்க கமிட்டி இன்னும் சாவி குடுக்கல.

இப்ப தேவை என்னன்னு சொல்லிடுறேன், இதத்தான் வெட்டிடாதீங்கன்னு கேட்டேன். மலாய்க்கு ஆள் இருக்கு, செஜாராவுக்கு அந்தத் தலைமையாசிரியர் மாசத்துல ஒரு வாட்டி ஈப்போவுலேர்ந்து வர்றேன்னு சொல்லிட்டாரு. கணக்குக்குத்தான் ஆள் இல்ல. எங்க பையன்களுக்கு பாரம் மூணு கணக்கு வரைக்கும் தைரியம் இருக்கு, அதுக்கு மேல போனா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறானுங்க. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், டீச்சர் யாராச்சும் இருந்தா, திருநீறு பூசிக்கிட்டே வரலாம், பொட்டு வச்சிக்கிட்டே வரலாம், சாயங்காலம் ஏழரைக்கு மேல ரெண்டு மணி நேரம் போதும், தே தாரெக்கும் பலகாரமும் மாதர் சங்கம் பாத்துக்கும். பழைய எஸ்.பி.எம். கேள்வித்தாள், ரெஃபரன்ஸ் புத்தகம் வீட்ல சும்மா கெடந்தாலும் குடுங்க. இடைநிலைப்பள்ளி ஆசிரியருங்க யாராவது மனசு வச்சாலும் சரி.

சபை கமிட்டி ஹால் தரலன்னா வொர்க்‌ஷாப் அண்ணன் தன் கடைக்கு மேல இருக்குற ரூம காலி பண்ணித் தரேன்னு சொல்லியிருக்காரு. அங்க ஃபேன் ஒண்ணுதான், மேசை இல்ல, பரவால்ல, பிள்ளைங்க தரையில ஒக்காந்துக்குவாங்க. கமிட்டி பெரியவங்க அது வரைக்கும் விடுவாங்களா இல்ல சாவிய குடுப்பாங்களாங்குறத அடுத்த கூட்டத்துல பாக்கணும்.

இப்படிக்கு,
மாதர் சங்கத்து அக்கா ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்.